பின்பக்க மனைப்பிரிவோடு வழித் தகராறா? சமரச மையத்துக்குப் போகும் முன் படித்துவிட்டுப் போங்கள்

தென்சென்னைப் புறநகரில் 42 மனை உள்ள ஒரு லேஅவுட்டில் குடியிருக்கிறோம். மூன்றாவது குறுக்குத் தெரு ஒரு மதில் சுவரில் முட்டி நிற்கும், அதற்கு அந்தப் பக்கம் பல வருஷமாக வெறும் பொட்டல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசிபி வந்து அந்தச் சுவரில் பத்தடியை இடித்துப் போட்டது. விசாரித்தால், பின்னால் இருந்த நிலத்தை ஒருவர் வாங்கி 11 மனையாகப் பிரித்து விற்கப் போகிறார், வழி எங்கள் தெரு வழியாகத்தான், அதோடு மூன்றடி உயரத்துக்கு மண்ணும் கொட்ட ஆரம்பித்துவிட்டார். சங்கச் செயலாளராக இருந்த பாவத்துக்கு போலீஸ் ஸ்டேஷன், சர்வேயர், வக்கீல், வாய்தா எல்லாம் என் தலையில் விழுந்தது. கடைசியில் கோர்ட்டோடு இணைந்த சமரச மையத்தில் ஆறு அமர்வில் முடிந்தது. இதே மாதிரி சிக்கலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கணக்கு.

முதலில், உங்கள் சண்டை யாரோடு என்பதை முடிவு செய்யுங்கள். சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், கொடுத்த திட்ட அனுமதியே தப்பு என்பதுதான் உங்கள் வாதம் என்றால் சமரச மையம் அதற்கான இடம் இல்லை. 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, ஹைகோர்ட்டில் ரிட் இருக்கிறது, அந்தப் பக்கம் போங்கள். வழி உரிமை, மழைநீர் வடிகால், மதில் சுவர், ரோடு சேதம், மண் லாரி வரும் நேரம், இதெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தரப்புக்கு நடுவில் உள்ள சிவில் விஷயம். இதை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம்.

பேசவே கூடாதது ஒன்று இருக்கிறது, பூங்கா இடம். லேஅவுட்டின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை ஓஎஸ்ஆர் என்று திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 வரைக்கும் இடம் ஒதுக்க முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டலாம், அதற்கு மேல் போனால் இடமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது கிட்டத்தட்ட பதிமூன்றரை கிரவுண்டு, அதனால்தான் நிறைய பேர் அதற்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொள்வார்கள், அல்லது ஒரே நிலத்தை இரண்டு விண்ணப்பமாக உடைப்பார்கள். எங்கள் ஆட்களில் இரண்டு பேர், "அவர் ஓஎஸ்ஆர் விடலைன்னு சிஎம்டிஏவுக்கு எழுதாம இருக்கோம், பதிலுக்குக் காசு கேக்கலாம் சார்" என்றார்கள். அது மிரட்டல், சமரசம் இல்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் நிற்காது. பூங்கா என்று பிளானில் காட்டிய இடத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று 1991இலேயே பெங்களூர் முத்தப்பா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, அது ஊர்ப் பொதுச் சொத்து, அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கும் எனக்கும் உரிமை கிடையாது. சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். நாங்கள் அளந்தோம், அவர் நிலம் 2,960 சதுர மீட்டர்தான் இருந்தது, அந்தப் பேச்சை அன்றோடு விட்டோம்.

அடுத்து காகிதம். சமரசத்துக்கு வாய் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு போகிறவர்கள்தான் அதிகம். உங்கள் லேஅவுட்டின் அனுமதி எண், பழையதாக இருந்தால் பி.பி.டி./எல்.ஓ. என்று ஆரம்பிக்கும், அதையும் அந்த வரைபடத்தின் நகலையும் எடுங்கள், வீட்டுப் பத்திரங்களில் எங்காவது எண் இருக்கும், இல்லாவிட்டால் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகைக்குப் போய்க் கேட்க வேண்டும். பின்பக்க நிலத்தின் பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு போட்ட சர்வே வரைபடம்) இரண்டையும் அரசு இ-சேவைத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில் கிடைக்கும். அவருடைய தாய்ப்பத்திரத்தில் நான்கு எல்லை எப்படி எழுதியிருக்கிறது, வேறு பக்கம் வண்டிப்பாதை ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஏனென்றால் எதிர்ப்பக்கம் கட்டாயம், "எனக்கு வேற வழியே இல்லை, அவசிய வழியுரிமை" என்று 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், வேறு வழி இருந்தால் அந்த வாதம் அங்கேயே படுத்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ரோடு யார் பெயரில் இருக்கிறது என்பது. இதில்தான் எங்களுக்கு மூக்கு உடைந்தது. ஆறு மாதம் "எங்க ரோடு, எங்க ரோடு" என்று கத்திக்கொண்டிருந்தோம். வில்லங்கம் போட்டுப் பார்த்தால், லேஅவுட் போட்ட புரமோட்டர் அனுமதி வாங்கும்போதே ரோடு முழுவதையும் அப்போதைய ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொதுத் தெரு. அதிலும் கேவலம், நாங்கள் சங்கப் பணத்தில் கட்டிய அந்த மதில் சுவரே தெருவின் அகலத்துக்குள்தான் நின்றுகொண்டிருந்தது. இடித்தது தப்பு என்றால் கட்டினதும் தப்புதான். சில லேஅவுட்டில் புரமோட்டர் ரோட்டின் முனையில் ஒரு அடிப் பட்டையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிற்பாடு பின்பக்கத்துக்காரரிடம் விலை பேசுவார், உங்கள் தெருமுனையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதையும் சர்வேயரை வைத்துப் பார்த்துவிடுங்கள், இருந்தால் அந்த புரமோட்டரையும் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும்.

நாங்கள் தோற்கப் போகிறோம் என்று வக்கீல் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பின்பக்க நில உரிமையாளர் பக்கமும் சுத்தமில்லை. மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாரே தவிர அனுமதி வரவில்லை, அதற்குள் மண் கொட்டி, கல் நட்டு, முன்பணமும் வாங்கிவிட்டார். 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் அனுமதி இல்லாத மனையைப் பதிவு செய்ய முடியாது, பதிவுச் சட்டம் 22-ஏ குறுக்கே நிற்கிறது, அந்தத் தேதிக்கு முன்னால் விற்ற மனைகளுக்குத்தான் 2017இல் வரன்முறைத் திட்டம், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் திட்டம், கொண்டுவந்தார்கள். ஆக அவருக்கு இருந்த பயம் நேரம், எங்களுக்கு இருந்த பயம் கேஸ். இரண்டு பக்கமும் கொஞ்சம் ஓட்டை இருந்தால் சமரசம் வேகமாக நடக்கும் என்பது என் அனுபவம். ஒரு பக்கம் ஓட்டையே இல்லாவிட்டால் அவர்கள் ஏன் வந்து உட்காரப் போகிறார்கள்?

கோர்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கம் சார்பாகவோ தெருக்காரர்கள் எல்லார் சார்பாகவோ போடுகிற வழக்கு என்றால் பிரதிநிதித்துவ வழக்காகக் கோர்ட் அனுமதியோடு போட வேண்டும், அப்படிப் போட்டால் பின்னால் சமரசத்துக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் செய்த சமரசம் செல்லாது, இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். உள்ளாட்சியையோ அரசையோ பிரதிவாதியாகச் சேர்ப்பதானால் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்கும் கெடு இருக்கிறது, வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். சேர்த்தால், அமர்வுக்கு வரும் அலுவலர் "மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்ல மாட்டார், அதற்கும் தயாராக இருங்கள். இடைக்காலத் தடை கேட்கும்போதே கோர்ட் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் ஒருவரை சர்வேயரோடு அனுப்பி அளக்கச் சொல்லி மனுப் போட்டுவிடுங்கள். கமிஷனர் சம்பளம் கைவிட்டுப் போகும், போகட்டும். "உங்க சர்வேயர் பொய், எங்க சர்வேயர் நிஜம்" என்ற பாட்டு அந்த அறிக்கையோடு நின்றுபோகும்.

வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரம் சிவில் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவில் இருக்கிறது, 2002 ஜூலை 1இல் அது நடப்புக்கு வந்தது. அதில் சமரசம், இணக்கம், லோக் அதாலத் என்று பல பெயர் வரும், குழம்ப வேண்டாம். மீடியேஷன் என்று எல்லாரும் சொல்லும் சமரசத்துக்குக் கோர்ட் தானாகவே அனுப்பலாம், இணக்கம் என்ற முறைக்கு இரண்டு தரப்பும் சம்மதிக்க வேண்டும், 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இப்படிப் பிரித்துச் சொன்னது. இணக்கத்தில் நடுவில் உட்காருபவர் "இப்படி முடிச்சுக்கலாமே" என்று தீர்வையே எழுதிக் காட்டலாம், மீடியேஷனில் பெரும்பாலும் நம் வாயிலிருந்து வரவைப்பார்கள். நீதிபதி கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, "சமரசத்துக்கு அனுப்புங்க" என்று வக்கீல் மூலம் நீங்களே மெமோ போடலாம். இந்தியாவிலேயே கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம் நம் ஹைகோர்ட் வளாகத்தில்தான் 2005 ஏப்ரல் 9இல் ஆரம்பித்தது, மாவட்டங்களிலும் மையங்கள் இருக்கின்றன. சமரசருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் முழுதாகத் திரும்ப வரும். மையத்துக்குப் போகாமல் வெளியிலேயே பேசி முடித்தாலும் அந்தச் சலுகை உண்டு என்று 2021இல் சென்னை ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

போவதற்கு முன் உங்கள் வீட்டுக்குள் ஒரு சமரசம் நடக்க வேண்டும், அது இதைவிடக் கஷ்டம். பொதுக்குழு கூட்டி, இரண்டு பேருக்கு மேல் போகாமல் ஆள் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் அமர்வுக்கு ஏழு பேர் போனோம். ஏழு பேரும் பேசினோம். ரிட்டயர்டு இன்ஜினியர் மாமா ஒருவர் 1998இலிருந்து ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் நில உரிமையாளரும் மச்சானும் வக்கீலும், அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். சமரசராக இருந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை ரெண்டு பேர் வாங்க, எது வேணும்ங்கிறதை ஒரே பேப்பர்ல எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரே பேப்பர்தான் எங்களைக் காப்பாற்றியது. உட்கார்ந்து எழுதும்போதுதான் தெரிந்தது, தெருவில் பாதிப் பேருக்கு அவர்கள் வழி போவதைப் பற்றிக் கவலையே இல்லை. கவலை மண்ணைப் பற்றி. 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் சில வீட்டு கேட்டில் இருக்கிறது, பின்னால் இருந்த பொட்டல்தான் மழைக்காலத்தில் எங்கள் தெருத் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது, அது மூன்றடி உயர்ந்தால் ஐப்பசி மழைக்கு அங்கிருந்து எல்லாம் எங்கள் வாசலுக்கு வரும். ஆனால் வழக்கில் நாங்கள் எழுதியிருந்தது முழுக்க சுவரும் வழியும்தான், வடிகால் பற்றி ஒரு வரி கிடையாது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள்: வீடு வீடாகப் போய், "கேஸ் ஜெயிச்சா உங்களுக்கு என்ன மாறணும்?" என்று மட்டும் கேளுங்கள்.

உள்ளே பேசுவது வெளியே போகாது, சமரசரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது, முடியாவிட்டால் "முடியவில்லை" என்று மட்டும்தான் அவர் கோர்ட்டுக்கு எழுதுவார். அதனால் தனி அமர்வில் கூப்பிட்டுக் கேட்கும்போது மறைக்காதீர்கள். சுவர் தெருவுக்குள் இருக்கிறது என்று நாங்கள் அங்கேதான் ஒப்புக்கொண்டோம். நில உரிமையாளரும் தன் தனி அமர்வில் மனைகளுக்கு முன்பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் அவர் குரல் இறங்கிவிட்டது.

மூன்றாவது அமர்வு முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை இடத்திலேயே மட்டம் பிடித்தோம். அவர் ஒரு மேஸ்திரி, நாங்கள் ஒரு மேஸ்திரி. கையில் தண்ணீர் ஊற்றிய ஒரு நீளமான டியூப், அவ்வளவுதான் கருவி. எங்கள் தெருமுனை கல்வெர்ட் (வடிகால் மேல் உள்ள சின்னப் பாலம்) பலகை மேல் ஒரு முனை, அவர் கொட்டிய மண்மேட்டில் நட்ட குச்சியில் மறு முனை, இரண்டு மேஸ்திரியும் தண்ணீர் ஆட்டம் நிற்கும் வரை மூச்சுப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலில் கோடு போட்டார்கள். இரண்டடி ஒன்பது அங்குலம். அந்த நில உரிமையாளர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "சார், எனக்கு வழி வேணும், உங்களுக்குத் தண்ணி வரக் கூடாது, அவ்ளோதானே?" என்றார். அவ்வளவுதான். வருஷக்கணக்கில் வாய்தா வாங்கியிருந்தாலும் இந்த வாக்கியம் கோர்ட் கூண்டில் வந்திருக்காது.

இனி ஒப்பந்தம் எழுதுவது, இங்கேதான் அவசரப்படக் கூடாது. பேச்சு முடிந்த சந்தோஷத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள், வக்கீல்கள் இரண்டு பக்கத்தில் "இரு தரப்பினரும் சுமுகமாக" என்று எழுதி நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். "போதிய வடிகால் அமைத்துத் தர வேண்டும்" என்றால் எது போதும் என்று அடுத்த வருஷம் சண்டை வரும். நாங்கள் எழுதியது: வடிகாலின் அகலம், ஆழம், எந்த சர்வே எண்ணின் எந்த ஓரத்தில், எந்தப் பக்கம் சரிவு, எங்கே போய் விழும், மண் கொட்டும் வேலை மறுபடி தொடங்குவதற்கு முன்னால் வடிகால் முடிந்திருக்க வேண்டும், மண்மட்டம் கல்வெர்ட் பலகையின் மேல்மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. பலகையில் சிவப்புக் கோடு போட்டு, அதன் போட்டோவையும் அளவு போட்ட வரைபடத்தையும் இணைப்பாகச் சேர்த்து இரண்டு தரப்பும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டோம். லாரி காலை ஆறு மணிக்கு முன்னால் வரக் கூடாது, ஸ்கூல் வேன் நேரத்தில் வரக் கூடாது என்பதையும் மணி போட்டே எழுதினோம். ரோடு சேதத்துக்கு ஒரு தொகையை அவரும் சங்கமும் சேர்ந்து எடுக்கும்படி வங்கியில் வைப்பாகப் போட்டார்.

அதோடு ஒரு ஷரத்து மறக்கவே கூடாது. நாம் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டது சிஎம்டிஏவைக் கட்டுப்படுத்தாது. தெரு அகலம், மனை அளவு எல்லாம் 2019ஆம் வருட கட்டட விதிகள்படிதான் பார்ப்பார்கள், நாம் ஒத்துக்கொண்டோம் என்பதற்காக விதியைத் தளர்த்த மாட்டார்கள். அதனால் ஒப்புக்கொண்ட வடிகாலும் வழியும் அவர் தாக்கல் செய்யும் மனைப்பிரிவு வரைபடத்திலேயே காட்டப்பட வேண்டும், அனுமதி மறுக்கப்பட்டால் என்ன, மாற்றிக் கேட்டால் யார் செலவில் திருத்துவது, எத்தனை மாதத்துக்குள், அனுமதி வரும் வரை அந்தப் பத்தடித் திறப்பை யார் என்ன வைத்து மூடுவது, இத்தனையும் எழுத வேண்டும். எங்கள் முதல் வரைவில் இது இல்லை, சமரசர்தான் கண்டுபிடித்து, "அனுமதி வரலைன்னா இந்தப் பேப்பரை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

இன்னொன்று, கொஞ்சம் நுணுக்கமானது. வடிகாலுக்காக அவர் நிலத்தில் மூன்றடிப் பட்டை கிடைக்கிறது என்று வையுங்கள், அந்தப் பட்டை உங்கள் வழக்கின் சொத்து விவரத்தில் இல்லை. வழக்குச் சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்கு (சமரசத்தை வைத்துக் கோர்ட் போடும் டிகிரி) பதிவு தேவையில்லை, வழக்கில் இல்லாத நிலத்தில் உரிமை கொடுத்தால் பதிவு செய்தாக வேண்டும், பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒன்று வழக்கைத் திருத்தி அந்தப் பட்டையைச் சேருங்கள், அல்லது தனியாகப் பத்திரம் போட்டுப் பதிவு செய்யுங்கள். வடிகால் உள்ளாட்சியிடம் போவதானால் தானப் பத்திரம்தான், அதை யார் செலவில் எப்போது எழுதுவது என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். பின்னால் மனை வாங்குகிறவர்களையும் இது கட்டுப்படுத்த வேண்டும் என்றால் ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்திலும் இந்த நிபந்தனையை எழுதுவதாக அவரிடம் ஒரு வரி வாங்கிவிடுங்கள், வாங்க வருபவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு வீட்டுக் கடனுக்கு மட்டும் கையெழுத்துப் போடுபவராக இருப்பார், அவருக்கு உங்கள் கல்வெர்ட் கதை தெரியாது.

ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போய், நீதிபதி இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பாணையாக மாற்றுவார். சான்றிட்ட நகல் மூன்று வாங்குங்கள்: ஒன்று சங்கத்துக்கு, ஒன்று சிஎம்டிஏவில் அவருடைய விண்ணப்பக் கோப்பில் சேர்க்க மனுவோடு, ஒன்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு. அவரே கொடுப்பார் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே போய் ஒப்புதல் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறவும் அதே நேரத்தில் மனுப் போடுங்கள்.

நிறைவேற்றுவதில் ஒரு கெடு கணக்கு இருக்கிறது. "இதைக் கட்டித் தா" என்கிற மாதிரிக் கட்டளைகளை நிறைவேற்றக் கேட்க மூன்று வருஷம்தான், சாதாரணத் தீர்ப்பாணைக்குப் பன்னிரண்டு வருஷம், "இதைச் செய்யாதே" என்ற நிரந்தரத் தடைக்குக் கெடு இல்லை. வடிகால் கட்டுவது முதல் வகை. "பார்த்துக்கலாம்" என்று இரண்டு மழைக்காலத்தை விட்டால் மூன்றாவதில் கை கட்டப்பட்டுவிடும். எங்கள் வடிகால் ஒப்புக்கொண்ட தேதிக்கு நாற்பது நாள் தாமதமாக முடிந்தது, அதற்கு நான் சண்டை போடவில்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் தேதியோடு போட்டோ எடுத்து வைத்தேன். அந்தச் சிவப்புக் கோடு ஒரே வெயிலில் வெளுத்துவிட்டது. இப்போது வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில், மழைக்கு முன்னால், எங்கள் தெரு ஆள் ஒருவரும் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவரும் சேர்ந்து நின்று பெயிண்ட் அடிக்கிறார்கள்.